எர்த் கம்பியைப் பிடுங்கியவன்

மின்சாரத்துக்கு நான் இன்றும் பயப்படுகிறேன். பல்பு மாற்ற வேண்டுமென்றால் மெயினை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறுவேன். "எலக்ட்ரீஷியன் புள்ள லட்சணத்தப் பாரு" என்று என் மனைவி சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவளிடம் நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒரே ஆளிடமும் சொன்னதில்லை.

அப்பா செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். கடலூர் முதுநகரில் எங்கள் வீடு. மற்ற பிள்ளைகள் கிரிக்கெட் மட்டை பிடித்த வயதில் நான் டெஸ்டர் பிடித்தேன். எது ஃபேஸ், எது நியூட்ரல், எது எர்த் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. சோறு சாப்பிடத் தெரிவதுபோல் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டான், பாவம், என்று என்னை யாரும் தட்டிக்கொடுக்க வேண்டாம்.

2004இல் சிதம்பரத்தில் இன்ஜினீயரிங் சேர்ந்தேன். இரண்டாம் வருடத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு ஆரம்பித்தோம். டிரம்ஸ் வாசிப்பவன் உள்ளூர்க்காரன். தெற்கு வீதிக்குப் பின்னால் அவன் வீட்டு மாடி அறைதான் எங்களுக்குப் பயிற்சி இடம். சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது அவன் அம்மா போட்ட ஒரே நிபந்தனை. பாடுவதும் லீட் கிட்டார் வாசிப்பதும் என் நண்பன். சேத்தியாத்தோப்பிலிருந்து தினம் பஸ்ஸில் வருவான். சின்ன வயதிலேயே அப்பா இல்லை. அம்மா ரவிக்கை தைத்து அவனைப் படிக்க வைத்தார். ஒரே பிள்ளை. எங்கள் மூவரில் உண்மையாகவே சங்கீதம் இருந்தது அவனிடம்தான். நான் ரிதம் கிட்டார். அதாவது, அவன் பறப்பதற்குக் கீழே நான் தரையாக இருக்க வேண்டும்.

அந்த வகைப் பாட்டில் ரிதம் கிட்டார்காரனுக்கு உயிர்நாடி பாம் மியூட்டிங். வலது கையால் கம்பியைத் தட்டும்போதே, சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேட்டைக் கம்பிகள் முடியும் இடத்தில் இருக்கும் இரும்புத் தகட்டை ஒட்டி லேசாக அழுத்தி வைக்க வேண்டும். கம்பி முழுசாக ஒலிக்காமல் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் 'ஜுக் ஜுக்' என்று அடைத்த சத்தம் வரும். கை அரை விரற்கடை முன்னால் போனால் கம்பி செத்துவிடும். பின்னால் போனால் வாயைத் திறந்துகொண்டு கத்தும். கேட்க எளிது. ராத்திரிக்குள் வந்துவிடும் என்று நினைத்தேன், ஒரு வருடம் ஆயிற்று.

அது வந்த பிறகுதான் தெரிந்தது, பாம் மியூட்டிங்கில் சத்தம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இரண்டு சத்தத்துக்கு நடுவில் இருக்கும் நிசப்தம் என்று. கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக்கொடுக்கும் என் ஆம்ப்பில் அந்த நிசப்தம் இல்லை. அது யாரோ கையால் செய்த மரப்பெட்டி, எனக்கு மூன்றாம் கையாக வந்தது. வாசிப்பதை நிறுத்தினால் போதும், 'ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டினால் அந்த இரைச்சல் பாட்டைவிட ஜாஸ்தி.

"மச்சான், ஒன் ஆம்ப்புக்குள்ள மாவு மில்லு ஓடுதுடா" என்றான் டிரம்ஸ்காரன்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று அவர்கள் இருவரும் டீ குடிக்கப் போனபோது நான் ஆராய்ந்தேன். அந்த வீட்டு எர்த் லைனே சரியில்லை. கீழே தண்ணீர் மோட்டார் போட்டால் இரைச்சல் கூடியது, நிறுத்தினால் குறைந்தது. வீட்டு வயரிங்கைச் சரி செய்ய என்னால் முடியாது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கைக் கழற்றினேன். எர்த்துக்கான பச்சைக் கம்பியைப் பிடுங்கி, மடித்து, டேப் சுற்றி உள்ளேயே விட்டு மூடினேன். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இரைச்சல் துடைத்துவிட்டதுபோல் போயிற்று. 'ஜுக்' என்றால் 'ஜுக்'. அதன் பிறகு சுத்தமான அமைதி. திரும்பி வந்தவர்கள் அசந்துபோனார்கள்.

"என்னடா பண்ண? செம்ம டைட்டா இருக்கு!"

"அதெல்லாம் தொழில் ரகசியம்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்ற நாள் அதற்கு முன்னால் இல்லை.

ஒரு மாதம் கழித்து மழைக்காலம் பிடித்தது. ஒரு நாள் வாசித்துக்கொண்டிருந்தபோது உள்ளங்கை ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. தட்டிவிட்டுப் பார்த்தேன், எறும்பு இல்லை. மறுபடி கையை அந்தத் தகட்டில் வைத்தேன். மறுபடி ஊர்ந்தது. இடது கை விரல்நுனிகள் காய்த்துப்போயிருந்ததால் கம்பியில் எதுவும் தெரியவில்லை. வலது கையின் மெத்தென்ற வியர்த்த சதைக்கு மட்டும் தெரிந்தது. ஒரு நொடியில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பழைய பெட்டி, உள்ளே எங்கோ ஈரத்தில் கரண்ட் கசிகிறது. அது தரைக்குப் போக வேண்டிய வழியை நான் டேப் சுற்றி அடைத்துவிட்டேன். அது கிட்டார் கம்பி வழியாக என் கைக்கு வருகிறது.

ஐந்து நிமிட வேலை. பிளக்கைத் திறந்து கம்பியை மாட்டியிருக்கலாம். மாட்டினால் அந்த இரைச்சல் திரும்பி வரும். ஏன் வந்தது என்பார்கள். தொழில் ரகசியம் என்னவென்று சொல்ல வேண்டியிருக்கும். எலக்ட்ரீஷியன் மகன் எர்த்தைப் பிடுங்கினான் என்று காலேஜ் முழுக்கச் சிரிக்கும். இப்போது எழுதும்போது எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது. அப்போது அது மலை மாதிரி பெரிய விஷயமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றே ஆறு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினேன்.

அதற்குப் பதில் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். அறைக்குள் எல்லோரும் வெறுங்கால், நான் மட்டும் செருப்பு. "தரை சில்லுனு இருக்கு, எனக்கு ஒத்துக்காது" என்று ஒரு கதை விட்டேன். செருப்பு போட்டால் ஊர்வது குறைந்தது. ஆனால் பயம் குறையவில்லை. கை அந்தத் தகட்டுக்குக் கிட்டே போகும்போதே தோள் இறுகிவிடும். கை தானாகவே ஒரு நூல் மேலே நின்றுகொள்ளும். நான் சொன்னாலும் இறங்காது. கம்பிகள் அடைபடாமல் வாயைத் திறந்து கத்தின. ஒரு வருடம் பழகியது ஒரு வாரத்தில் போய்விட்டது.

நண்பன் இதைக் கவனித்துவிட்டான். அவனுக்குக் கோபம் வராது, அதுதான் இன்னும் கஷ்டம். பழைய சிம் கார்டு அட்டையை வெட்டித் தேய்த்து எனக்காகக் கம்பி தட்டக் கெட்டியான ஒரு பிக் செய்துகொண்டு வந்தான். "ஆம்ப்புல கெயின கொஞ்சம் கொறை மச்சான், தானா டைட்டாவும்" என்றான். அடிக்கம்பியைத் தடிமனாக மாற்றச் சொன்னான். மாற்றினேன். ஒன்றும் உதவவில்லை. ஒருநாள் பக்கத்தில் வந்து, "கைய ஏன்டா தூக்கி வச்சிருக்க? இப்புடி எறக்கி வையி" என்று என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்க வந்தான். நான் துள்ளி விலகி, "தொடாதடா!" என்று கத்திவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. நான் அவன்மேல் எரிந்து விழுந்ததாக நினைத்துக்கொண்டான். அவனைத் தொடவிடாமல் காப்பாற்றினேன் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில் காலேஜ் பசங்களுக்கு இசைப் போட்டி நடந்தது. மதியம் எங்கள் சாமான்களை லோடு ஆட்டோவில் ஏற்றிப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை டிரம்ஸின் மேல் போட்டார்கள். என் ஆம்ப் ஓரத்தில் நனைந்துகொண்டே வந்தது. துணியால் துடைத்தேன். வெளியில் துடைத்து என்ன ஆகப்போகிறது.

மேடையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். முன் ஓரத்தில் மாலை போட்ட நடராஜர் சிலை, ஐந்து முகமும் ஏற்றிய குத்துவிளக்கு. சிமெண்டு மேடையைக் கழுவிவிட்டுக் கோலம் போட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. சிதம்பரத்தில் எந்த மேடையானாலும் நடராஜர் இருப்பார், நடராஜர் இருக்கும் மேடையில் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். தெரிந்த விஷயம்தான். ஆனால் மாடி அறையில் செருப்போடு வாசித்துப் பழகிய மடையனுக்கு அது அங்கே போய் நின்றபோதுதான் உறைத்தது.

"தம்பி, செருப்ப கீழ உட்டுட்டு ஏறுங்க" என்றார் மண்டபத்து மேனேஜர். கையில் ஒரு பெரிய சாவிக்கொத்து.

ஏறினேன். ஈரச் சிமெண்டில் வெறுங்கால். ஆம்ப்பை மாட்டி, கிட்டாரைத் தோளில் போடாமல் சாய்த்து வைத்துவிட்டு, புறங்கையால் அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். சந்தேகமானதை எலக்ட்ரீஷியன்கள் அப்படித்தான் தொடுவார்கள், அடித்தால் கை பின்னால்தான் இழுக்கும். அடித்தது. இந்தத் தடவை எறும்பு இல்லை. முழங்கை வரை ஒரு அறை. பல் கிட்டிக்கொண்டது.

இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மேடையின் மறுபக்கத்தில் மூன்று காலேஜ் பெண்கள் பாடி முடிக்கும் வரை. நான் சொல்லியிருக்க வேண்டும். அங்கே நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். நண்பனிடம் போய், "மணிக்கட்டு புடிச்சிக்கிச்சு மச்சான். எனக்கு மியூட்டு வராது. தடிக் கம்பி என் கிட்டாருலதான இருக்கு, நீ அத எடுத்துக்கோ, ஒன்னுத நான் வாசிக்கிறேன்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் கழித்து நான் உதவி கேட்டதாக நினைத்தான். "இதுக்கா மூஞ்ச தூக்கி வச்சிருந்த? குடு, நான் பாத்துக்கறேன்" என்றான்.

பாடுகிறவன் நிற்க மேடை நடுவில் கனமான ஜமக்காளம் விரித்திருந்தார்கள். அது காய்ந்திருந்தது. கம்பியைத் தொடாமல் கிட்டாரை வார்ப்பட்டையைப் பிடித்து எடுத்துப்போய் ஜமக்காளத்தில் அவன் நின்ற பிறகு மாட்டிவிட்டேன். அவ்வளவு ஜாக்கிரதையாக. ஜமக்காளத்தில் நின்றால் அடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரில் இரும்பு ஸ்டாண்டில் மைக் இருப்பதை, அது மைக் செட் வழியாக எர்த்தோடு சேர்ந்திருப்பதை நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். மைக்கைத் தொடாமல்தானே பாடுவான் என்று நினைத்தேன்.

ஆரம்பித்தோம். முதல் 'ஜுக்'கிலேயே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் கிட்டார், என் ஆம்ப், அவன் கை. சதைமேட்டைத் தகட்டில் முழுசாகச் சாய்த்து வைத்து வாசித்தான். ஒவ்வொரு தட்டும் கட்டுக்கோப்பாக விழுந்தது. நடுவில் துளி இரைச்சல் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒரு சரணம் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாது போலிருக்கிறது என்று மூச்சு விட்டேன்.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால் மைக் கொஞ்சம் சரிந்தது. அவன் இடது கை கம்பிகளை அழுத்திக்கொண்டிருந்தது. வலது கையை நீட்டி ஸ்டாண்டைப் பிடித்தான்.

பிடித்த கை பிடித்தபடி நின்றது. ஆம்ப்பிலிருந்து ஒரு உறுமல். அவன் உடம்பு விறைத்து, கழுத்து பின்னால் வளைந்து, ஸ்டாண்டோடு சேர்ந்து ஜமக்காளத்தில் விழுந்து உதறியது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

"வலிப்பு! வலிப்பு வந்துருச்சு!" என்று கீழே யாரோ கத்தினார்கள். "இரும்பு குடுங்க, கையில இரும்பு குடுங்க!"

மேனேஜர் சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தார். டிரம்ஸ்காரன் எழுந்து அவன் தோளைப் பிடிக்கப் போனான். எல்லோரும் வெறுங்கால். ஈரச் சிமெண்டு. இன்னும் இரண்டு உயிர் போகப்போகிறது.

"தொடாதீங்க! கரண்டு! யாரும் தொடாதீங்க!" என்று அலறிக்கொண்டு நான் ஸ்விட்ச் போர்டுக்குப் பாய்ந்து என் ஆம்ப்பின் வயரைப் பிடித்து இழுத்தேன். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. உறுமல் நின்றது. அவன் கை ஸ்டாண்டை விட்டது.

கண் மேலே சொருகியிருந்தது. உதட்டில் ரத்தம். நான் பக்கத்தில் மண்டியிட்டு அவன் மூக்கின் கீழ் விரல் வைத்தேன். மூச்சு வருகிறதா இல்லையா என்று தெரியவில்லை. செத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். நான் கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னதாகக்கூட ஞாபகம். அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு அவன் இருமினான்.

ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்பைப் பார்க்க வேண்டும் என்று படுக்க வைத்தார்கள். நாக்கைக் கடித்திருந்தான். உள்ளங்கையில் காசு அளவுக்கு வெந்திருந்தது. பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னதும் டிரம்ஸ்காரன் அழுதான். நான் அழவில்லை. என் தலைக்குள் ஒரே ஒரு நினைப்புதான் ஓடியது: பிளக்கை யாராவது திறந்து பார்ப்பதற்குள் நான் போக வேண்டும். மருந்து வாங்கிவருகிறேன் என்று கிளம்பி மண்டபத்துக்குப் போனேன். மேடையில் யாரும் இல்லை. பத்து பைசா நாணயத்தால் ஸ்க்ரூவைத் திருகி, டேப்பைப் பிய்த்து, பச்சைக் கம்பியை அதன் இடத்தில் மாட்டி மூடினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே மண்டப வயரிங் சரியில்லை என்று நாலு பேர் மேனேஜரைப் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மனுஷன் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டி நடந்து போனேன்.

திரும்பி வந்தபோது நண்பனின் அம்மா சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்தார். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறியிருக்க வேண்டும், புடவையெல்லாம் நூல். டிரம்ஸ்காரன் எல்லாம் சொல்லியிருந்தான். அவர் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எம்புள்ள உசுர நீதாம்பா குடுத்த. நீ நல்லா இருக்கணும்."

"எல்லாரும் வலிப்புன்னுதாம்மா நெனச்சோம். இவன் மட்டும் இல்லன்னா நானும் போயிருப்பேன்" என்றான் டிரம்ஸ்காரன்.

நான் வாயைத் திறந்தேன். அந்த அம்மாவின் கையில் ஊசி குத்திய தழும்புகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

கட்டிலில் இருந்தவன் வீங்கிய நாக்கோடு மெதுவாகக் கேட்டான். "எப்புடி மச்சான்? ஒனக்கு மட்டும் எப்புடி ஒடனே கரண்டுன்னு தெரிஞ்சுது?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டான்.

"எங்கப்பா எலக்ட்ரீஷியன்டா" என்றேன்.

"ஆமால்ல" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு நான் கிட்டாரைத் தொடவில்லை. காரணம் கேட்டவர்களிடம், அன்று பார்த்ததிலிருந்து மனசு வரவில்லை என்றேன். என்னை இன்னும் உயர்வாக நினைத்தார்கள். அவனோ கை ஆறியதும் மறுபடி வாசித்தான். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று. மாதம் ஒரு தடவை போன் செய்வான். போனில் அவன் பெயர் வரும்போதெல்லாம், இன்று கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் எடுப்பேன். அவன் மழை பெய்கிறதா, சாப்பிட்டாயா என்று கேட்பான்.

2012இல் அவனுக்குப் பையன் பிறந்தான். பெயர் வைக்கும் அன்று நான் சேத்தியாத்தோப்புக்குப் போனேன். கூட்டம் அதிகமில்லை. புடவைத் தொட்டில், சர்க்கரைத் தண்ணீர், நாலைந்து சொந்தக்காரர்கள். ஓரமாக நின்றுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றிருந்தேன். அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லண்ணா. அவுரு ஒங்கள மச்சான்னுதான கூப்புடுறாரு, அப்ப நீங்கதான் புள்ளைக்கு மாமன். நீங்கதான் காதுல பேரு சொல்லணும்."

"என்ன பேரு?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். அவன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேற என்ன பேருப்பா வைப்போம்? ஒம்பேருதான்."

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்தது. நான் கையை நீட்டவில்லை. பிள்ளையைத் தூக்கக் கூச்சப்படுகிறான் என்று யாரோ சொன்னார்கள். குழந்தையை என் கையில் வைத்தார்கள். குனிந்து அதன் காதில் என் பெயரை மூன்று தடவை சொன்னேன்.